ஆட்டெலும்பு சூப்பும் அரைத்த மிளகாயும்: தோட்டத்து ஊர் அடுப்புக்கான செய்முறை

மழைக்காலத்தில் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போனாலும் "அடுப்புல சூப் கொதிக்குது" என்பார்கள். கொதிக்கக் கூடாது என்பதுதான் சூப்பின் முதல் பாடம். மசாலா, எலும்பு எல்லாம் சரியாக இருந்தும் சூப் கலங்கிப்போகிறது, கறி நார் நாராகிறது என்றால் தீயைப் பாருங்கள். மிளகாய்க்கு இதற்கு நேர்மாறான சிக்கல்: சீக்கிரம் இறக்கிவிடுகிறோம். சூப்பைப் பெரிய தீ கெடுக்கும், சம்பாலை (வதக்கிய மிளகாய் விழுதை) அவசரம் கெடுக்கும். கீழே உள்ள அளவுகள் ஆறு பேருக்கு.

எலும்பு வாங்கும்போது

பசாரில் "சூப் எலும்பு" என்று மட்டும் கேட்டால் கையில் அகப்பட்டதைப் போட்டுத் தருவார்கள். கழுத்து, நெஞ்செலும்பு, முன்னங்கால் மூன்றும் கலந்து ஒன்றேகால் கிலோ கேளுங்கள். காலெலும்பில் மஜ்ஜை இருக்கிறது. கழுத்திலும் நெஞ்சிலும் குருத்தும் சவ்வும் அதிகம். அந்தச் சவ்வு மெல்லக் கரைந்துதான் உதட்டில் லேசாக ஒட்டும் பசை சூப்புக்கு வருகிறது. தொடைக்கறியை மட்டும் போட்டு எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அந்தப் பசை வராது, கறிதான் சக்கையாகும்.

பெட்டியில் உறைந்து வரும் ஆஸ்திரேலிய மட்டன் பெரும்பாலும் செம்மறி. அதன் வாடை கொழுப்பில் இருக்கிறது. வெளியே தெரியும் வெள்ளைக் கொழுப்பைக் கத்தியால் சீவி எடுத்தாலே பாதி வாடை போய்விடும். உள்ளூர் வெள்ளாட்டில் கொழுப்புக் குறைவு, வாசமும் நன்றாக இருக்கும், ஆனால் வேக அரைமணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். உறைந்த எலும்பை முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். சிங்க்கில் வெந்நீர் ஊற்றி இளக்கினால் வெளிப்புறம் வெதுவெதுப்பாகி, உள்ளே கட்டியாகவே கிடக்கும்.

முதல் தண்ணீரைக் கொட்டுங்கள்

பானையில் எலும்பைப் போட்டு, அது முங்கும் அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றி, பெரிய தீயில் வையுங்கள். கொதி வந்ததும் சாம்பல் நிற நுரை பொங்கும். ஐந்து நிமிடம் விட்டு, தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, எலும்பை ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பானையையும் கழுவுங்கள், ஓரத்தில் ஒட்டிய நுரை மறுபடி சூப்பில்தான் கரையும். சத்து போய்விடும் என்று பலர் இதைச் செய்வதில்லை. போவது இரத்தமும் எலும்புத் தூளும்தான். சவ்வு கரைய மணிக்கணக்கில் ஆகும், ஐந்து நிமிடத்தில் அது எங்கும் போகாது. கொதிக்கும் தண்ணீரில் எலும்பைப் போடுவதும் தவறு: வெளிப்புறம் உடனே இறுகி, உள்ளே இருக்கும் இரத்தம் பிறகு சூப்பில் கசியும்.

மசாலா

முழு மல்லி 2 மேசைக்கரண்டி, மிளகு ஒன்றரை மேசைக்கரண்டி, சோம்பு 2 தேக்கரண்டி, சீரகம் 2 தேக்கரண்டி. இரும்புக் குவாலியில் (வாணலியில்) எண்ணெய் இல்லாமல், சிறு தீயில் மல்லியை முதலில் இரண்டு நிமிடம் வறுத்து, சோம்பும் மிளகும் சேர்த்து இன்னொரு நிமிடம், கடைசி அரை நிமிடத்துக்குச் சீரகம். சீரகம் மெல்லியது, மல்லியோடு சேர்ந்து போட்டால் மல்லி சூடாவதற்குள் கருகிவிடும். கருகிய சீரகத்தின் கசப்பு சூப் முழுக்கப் பரவும், அதை மீட்க வழியே இல்லை. ஆறியபின் கொரகொரப்பாகப் பொடியுங்கள்.

கடையில் விற்கும் சூப் மசாலாத் தூளைப் பயன்படுத்துபவர்கள் 3 மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு மூன்று மாதம் ஆகிவிட்டால் நம் ஈரக்காற்றில் வாசம் போய், தூளின் மண் சுவைதான் மிஞ்சும். மலாய்க்காரர்களின் சூப் பூஞ்சுட் முறையில் முழு மசாலாவைத் துணியில் முடிந்து பானையில் போடுவார்கள். தெளிந்த சூப் வேண்டுமென்றால் அதுதான் சிறந்த வழி. நம் வீடுகளில் பொடித்துப் போட்டு அடியில் மண்டி நிற்கும் சூப்தான் பழக்கம், இங்கே எழுதியிருப்பதும் அதற்கே.

முழு மசாலா தனி: 5 செ.மீ. பட்டை ஒன்று, கிராம்பு 4, ஏலம் 4, அன்னாசிப்பூ 2. அன்னாசிப்பூ மூன்றாவது விழுந்தால் சூப் மருந்து மாதிரி இனிக்கும்.

சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 10 பல், இஞ்சி 40 கிராம் மூன்றையும் உரலில் நசுக்குங்கள். மிக்சியில் விழுதாக அரைத்தால் சூப் கெட்டியாகி வெள்ளைபூத்துவிடும்.

சூப் வைப்பது

அடிகனமான பானையில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, முழு மசாலாவைப் போட்டு வாசம் வந்ததும் நசுக்கியதைச் சேர்த்து நடுத்தீயில் ஆறு முதல் எட்டு நிமிடம், ஓரம் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள். பிறகு ஒரு கொத்துக் கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி மஞ்சள், பொடித்த மசாலாவில் முக்கால் பங்கு. மீதிக் கால் பங்கை மூடி வையுங்கள், அது கடைசிக்கு. பொடி போட்டதும் தீயைக் குறைத்து, எலும்பைச் சேர்த்து நான்கு நிமிடம் புரட்டுங்கள். பொடி எண்ணெயில் வதங்காமல் நேராகத் தண்ணீரில் விழுந்தால் எத்தனை மணி நேரம் ஆனாலும் பச்சை வாடை போகாது.

இப்போது இரண்டே முக்கால் லிட்டர் வெந்நீர் ஊற்றி, ஒரு செராய் (எலுமிச்சைப்புல்) தண்டை அடிப்பக்கம் தட்டிப் போடுங்கள். கொதி வந்த நொடியே தீயை அடிமட்டத்துக்குக் குறையுங்கள். பானையின் ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று குமிழி எழ வேண்டும், நடுப்பகுதி அசையாமல் இருக்க வேண்டும். அதுதான் அளவு. தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நுண்ணிய துளிகளாகச் சிதறிச் சாற்றோடு கலந்து சூப் வெளுத்துக் கலங்கும், கறியின் நாரும் சுருங்கிச் சாற்றைப் பிழிந்துவிடும். கேஸ் அடுப்பில் தீ அவ்வளவு குறையவில்லை என்றால் பானைக்கு அடியில் ஒரு தோசைக்கல்லை வையுங்கள். மூடியைச் சற்றுத் திறந்து சாய்த்து வைக்க வேண்டும். முழுக்க மூடினால் சின்னத் தீயிலும் உள்ளே கொதி ஏறிவிடும்.

செம்மறிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், வெள்ளாட்டுக்கு இரண்டேகால். பாதி நேரத்தில் 2 தேக்கரண்டி கல் உப்பு. சாறு வற்றும் என்பதால் தொடக்கத்திலேயே முழு உப்பும் போடாதீர்கள், இறக்கும்போது சுவைத்துக் கூட்டிக்கொள்ளலாம். கடைசி அரைமணி நேரத்துக்கு இரண்டு தக்காளியை நான்காக வெட்டிப் போடுங்கள். எடுத்து வைத்த மசாலா இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால். மிளகின் காரம் நெடுநேரம் நிற்கும், வாசம் நிற்காது. அதனால்தான் இரண்டு முறை போடுவது.

குக்கரில் செய்வதானால் தண்ணீரை 2 லிட்டராகக் குறைத்து, முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 40 நிமிடம். அடுப்பை அணைத்தபின் ஆவி தானாக அடங்கட்டும். விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் உள்ளே இருக்கும் சாறு ஒரேயடியாகப் பொங்கிக் கலங்கிவிடும். அத்தனை நேரம் பொறுத்ததும் வீண்.

பரிமாறும் கிண்ணத்தில் நறுக்கிய டாவுன் சூப் (செலரி இலை), பொரித்த சின்ன வெங்காயம், கடைசியாக ஒரு லீமாவ் கஸ்தூரியின் (சிறிய எலுமிச்சையின்) சாறு. எலுமிச்சையைப் பானையில் பிழியாதீர்கள், மறுபடி சூடாக்கும்போது கசக்கும். வெங்காயத்தை ஒரே கனத்தில் சீவிப் பொரித்து, வெளிர்ப் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள். எண்ணெயை விட்டு வெளியே வந்தபின்னும் அது சிவந்துகொண்டே இருக்கும்.

தவறினால் என்ன செய்வது

உப்புக் கூடினால் உருளைக்கிழங்கு போடச் சொல்வார்கள். கிழங்கு குடிக்கும் தண்ணீரோடுதான் உப்பும் போகும், மீதிச் சாறு அதே உப்பில்தான் இருக்கும். ஒரு கோப்பை வெந்நீர் ஊற்றி, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் கூட்டுவதே வழி. சப்பென்றிருந்தால் பெரும்பாலும் உப்பு போதவில்லை என்றுதான் பொருள். மசாலாவைக் கூட்டும் முன் ஒரு சிட்டிகை உப்பைக் கரண்டிச் சாற்றில் கலந்து சுவைத்துப் பாருங்கள். கொழுப்பு மிதந்தால் இரவு ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் மேலே உறைந்த தகட்டைத் தூக்கிவிடுங்கள். அந்தச் சூப் கூழ்போல் ஆடினால் பயப்பட வேண்டாம், நன்றாக வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இதே மசாலாவில் கோழிக்குப் பாதி மிளகு போதும். கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) ஒரு மணி நேரம், பண்ணைக்கோழி 25 நிமிடம். பண்ணைக்கோழியை அதற்குமேல் விட்டால் எலும்பை விட்டு உதிர்ந்து சாறு மாவாகும். சைவத்துக்குக் கால் கோப்பை துவரம்பருப்பை வேகவைத்துக் கடைந்த தண்ணீரில் கேரட், முள்ளங்கி, ஒரு பிடி முருங்கைக்கீரை. கீரை இறக்குவதற்கு மூன்று நிமிடம் முன்பு மட்டும்.

சூப்புக்குத் தொட்டுக்கொள்ள

சிலி பாடி (ஊசி மிளகாய்) 10, பூண்டு 3 பல் இரண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, இனிப்புக் கிச்சாப் (சோயா சாஸ்) 3 மேசைக்கரண்டி, உப்புக் கிச்சாப் 1 மேசைக்கரண்டி, மூன்று லீமாவ் கஸ்தூரிச் சாறு. பத்து நிமிடம் ஊறினால் போதும். சூப்பில் வெந்த கறியை எடுத்து இதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும், சூப்பிலேயே ஊற்றிவிட்டால் மிளகின் வாசம் செத்துவிடும்.

அரைத்த மிளகாயும் சம்பாலும்

கடையில் சிலி போ (அரைத்த காய்ந்த மிளகாய் விழுது) பொட்டலமாகக் கிடைக்கிறது. வீட்டில் அரைத்தால் உப்பும் காரமும் நம் கையில் இருக்கும். சுருங்கிய கெரிந்திங் மிளகாயில் காரம், வழவழப்பான பெரிய மிளகாயில் நிறம். 100 கிராம் காய்ந்த மிளகாயில் பெரியது 70, கெரிந்திங் 30 என்று கலந்தால் குழந்தைகளும் சாப்பிடலாம். பூஞ்சணம் பிடித்த மிளகாயைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம், தூக்கி எறியுங்கள்.

காம்பைக் கிள்ளி, கத்தரிக்கோலால் துண்டாக்கி, சல்லடையில் போட்டு உலுக்கி விதையை உதிருங்கள். காரத்துக்காக அல்ல. காரம் அதிகம் இருப்பது விதை ஒட்டியிருக்கும் வெளிர்ச் சவ்வில். விதை அரைபடாமல் நறநறவென்று நிற்பதாலும், வதங்கும்போது கசப்பதாலும் எடுக்கிறோம். பிறகு தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பதினைந்து நிமிடம் மூடிவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் சிறிது விட்டு வழவழப்பாக அரைக்க வேண்டும். ஏறக்குறைய 300 கிராம் விழுது கிடைக்கும். கை எரிந்தால் முதலில் சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, அப்புறம் சவுக்காரம் போடுங்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும்.

சம்பாலுக்கு: இந்த விழுது முழுவதும், அரைத்த பெரிய வெங்காயம் 250 கிராம், எண்ணெய் 150 மில்லி, சுட்ட பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) 15 கிராம், 30 கிராம் புளியை 100 மில்லி தண்ணீரில் கரைத்த சாறு, கூலா மெலாக்கா (தென்னை வெல்லம்) ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. எண்ணெய் அதிகம் என்று தோன்றும். குறைக்காதீர்கள், வதங்கி முடிந்தபின் மேலே மிதப்பதை வடித்துப் பொரியலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெங்காயத்தை முதலில் எட்டு நிமிடம் தண்ணீர் வற்ற வதக்கி, மிளகாயையும் பெலாச்சானையும் சேர்த்துச் சிறு தீயில் 25 முதல் 30 நிமிடம் கிளறுங்கள். கடிகாரத்தைவிடக் காதையும் மூக்கையும் நம்புங்கள். முதலில் சடசடவென்று தெறிக்கும், தொண்டையைக் கமறும். விழுதில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு கொதிநிலைக்கு மேல் ஏறாது. அதுவரை மிளகாய் வேகிறதே தவிர வதங்குவதில்லை. தண்ணீர் போனதும் சத்தம் சன்னமாகும், இருமல் வராது, செக்கச்சிவப்பு கருஞ்சிவப்பாகும், குவாலி ஓரத்தில் எண்ணெய் தனியே கசியும். மலாயில் பெச்சா மிஞ்ஞாக் என்று சொல்வது இந்த இடத்தைத்தான். தெறிக்கிறதே என்று பத்து நிமிடத்தில் புளியை ஊற்றிவிட்டால் பச்சை மிளகாய் வாடையோடு மறுநாளே வயிறு கடுக்கும் சம்பால்தான் கிடைக்கும். புளி, சர்க்கரை, உப்பு மூன்றும் எண்ணெய் பிரிந்தபின், மேலும் ஐந்து நிமிடம். சைவமாக வேண்டுமென்றால் பெலாச்சானை விட்டுவிட்டு, 2 மேசைக்கரண்டி வறுத்த எள்ளை அரைத்துச் சேர்க்கலாம்.

ராஜ்மா சில்லி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1977-இல் தன் மாநில உணவாக அறிவித்த சில்லி, மிளகாய் விழுதில் கறியை நெடுநேரம் வேகவைத்த குழம்பு. அங்கே பழைய முறைக்காரர்கள் அதில் பயறு சேர்க்க ஒப்புக்கொள்வதில்லை. சேர்த்துச் செய்யும் வீடுகளும் ஏராளம், நம் சோற்றுக்கும் ரொட்டிக்கும் அதுதான் பொருந்தும். அரைத்த மிளகாய் வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ராஜ்மா, ஏனென்றால் ஆபத்து அதில்தான் இருக்கிறது. கச்சாங் மேரா என்று மட்டும் கேட்டால் சிறிய சிவப்புப் பயறும் கிடைக்கும், பெரிய ராஜ்மாவைப் பார்த்து வாங்குங்கள். 300 கிராமை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். இந்த ஓரிடத்தில் பெரிய தீ கட்டாயம். வேகாத ராஜ்மாவில் ஒருவகை நஞ்சு இருக்கிறது, நாலைந்து பயறு தின்றாலே வாந்தியும் பேதியும் வரும். அரைகுறைச் சூட்டில் அந்த நஞ்சு குறையாது, கூடவும் செய்யும். ஆகவே ஊறிய ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் நேராகப் போடவே கூடாது. கொதித்தபின் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம், அல்லது குக்கரில் பதினைந்து நிமிடம். இரண்டு விரலுக்கிடையில் நசுங்க வேண்டும். தக்காளியோ புளியோ அதற்கு முன் சேர்ந்தால் தோல் இறுகி, பிறகு வேகவே வேகாது. ஊறவைத்தும் வேகவில்லை என்றால் அது பழைய சரக்கு.

ஆட்டுக்கறி 500 கிராமைக் கத்தியால் பொடியாகக் கொத்துங்கள், இயந்திரத்தில் அரைத்தது குழைந்துவிடும். 3 மேசைக்கரண்டி எண்ணெயை நன்றாகக் காய்ச்சி, கறியை இரண்டு தவணையாகப் போட்டுக் கிளறாமல் மூன்று நிமிடம் விட்டுச் சிவக்க வையுங்கள். ஒரே தவணையாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்து சாம்பல் நிறமாகும், சிவப்பு ஏறாத கறியில் சில்லியின் ஆழம் கிடைக்காது. கறியை எடுத்துவிட்டு அதே குவாலியில் நறுக்கிய வெங்காயம் 2, பூண்டு 6 பல் வதக்கி, அரைத்த மிளகாய் 4 மேசைக்கரண்டி சேர்த்து எண்ணெய் பிரியும்வரை பத்துப் பன்னிரண்டு நிமிடம். பிறகு வறுத்துப் பொடித்த சீரகம் 1 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 1 தேக்கரண்டி, தக்காளி 400 கிராம். தக்காளி கரைந்ததும் கறி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, 700 மில்லி தண்ணீர், சர்க்கரை போடாத கோப்பி-ஓ (பாலில்லாத காப்பி) அரைக் கோப்பை. கோப்பியின் கசப்பு மிளகாய்க்கு ஓர் அடித்தளம் தரும், வாயில் கோப்பியாகத் தெரியாது.

சிறு தீயில் ஒரு மணி நேரம். வெந்த ராஜ்மாவைச் சேர்த்து இன்னும் 20 நிமிடம். குழம்பு தண்ணியாக நின்றால் மாவு கரைத்து ஊற்றாமல் ஒரு கரண்டி ராஜ்மாவை ஓரத்தில் மசித்துக் கலந்துவிடுங்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கோடு இது மிகப் பொருத்தம். கிழங்கின் மாவு காரத்தை ஏந்திக்கொள்ளும். சைவத்துக்குக் கறிக்குப் பதில் 300 கிராம் தெம்பேயை (புளிக்கவைத்த சோயாக் கட்டியை) உதிர்த்து மொறுமொறுவென்று பொரித்து, ராஜ்மாவோடு சேர்த்தால் போதும்.

எடுத்து வைப்பது

பானையை அடுப்பிலேயே விட்டு, காலையில் ஒரு கொதி விட்டுக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சமைத்த சூட்டையும் தாங்கும் கிருமிகள் உண்டு. வெதுவெதுப்பான குழம்பில் இரவெல்லாம் அவை பெருகும், சில கிருமிகள் விடும் நஞ்சு மறுகொதியிலும் போகாது. இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். பெரிய பானை அதற்குள் ஆறாது, ஆகவே தாழ்வான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றுங்கள்.

சூப்பும் சில்லியும் ஃபிரிட்ஜில் மூன்று நாள், ஃபிரீசரில் இரண்டு மாதம். ஃபிரீசருக்குப் போகும் சூப்பில் டாவுன் சூப்பும் வெங்காயமும் வேண்டாம். வதக்கிய சம்பாலைக் காய்ந்த போத்தலில், மேலே எண்ணெய் நிற்கும்படி வைத்து, ஈரக் கரண்டி படாமல் எடுத்தால் ஃபிரிட்ஜில் பத்து நாள் இருக்கும். வதக்காத சிலி போவை ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறையவிட்டு, கட்டிகளைப் பையில் கொட்டி வையுங்கள். ஒரு கட்டி ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி, சில்லிக்கு நான்கு கட்டி.